பற்று அட்டையா, கடன் அட்டையா?

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆபீஸ் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



நான் ஆபீஸ் பக்கத்து ஆள். என் சங்கம் வேறு, உங்கள் சங்கம் வேறு. ஆயினும் உங்கள் கிளைக் காரியதரிசி என்னை அழைத்து, "கிராணியாரே, அந்த அட்டை விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்" என்று கேட்டுக் கொண்டார். அதற்கு என் நன்றி. சம்பள உயர்வைப் பற்றியோ பால் விலையைப் பற்றியோ நான் இன்று பேசப் போவதில்லை. அவற்றைப் பேச என்னிலும் தகுதி வாய்ந்தவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். கைக்கு வந்த சம்பளம் கையை விட்டுப் போகிறதே, அந்த வழியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

போன மாதம் சம்பளம் போட்ட மறுநாள் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். காலைப் பெரட்டு முடிந்து, வெட்டும் முடிந்து, பால் நிறுத்துப் போட்ட பிறகு ஒரு கணவனும் மனைவியும் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். அந்த அம்மாளின் முகம் சிவந்திருந்தது. "கிராணியாரே, எங்கள் சம்பளத்தில் 200 வெள்ளியை வெட்டியது யார்?" என்று நேராகவே கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செக்ரோலை எடுத்துப் பிரித்தேன். வெட்டு நாட்கள் சரி, கிலோக் கணக்கு சரி, வைப்பு நிதிக்குப் பிடித்தது சரி, வங்கிக்கு அனுப்பிய தொகையும் சரி. ஒரு காசு குறையவில்லை.

"பின்னே பணம் எங்கே?" என்றார் அவர்.

நடந்தது இதுதான். சம்பளம் வந்த அன்றே கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, அனுப்ப வேண்டியதை அனுப்பிய பிறகு கணக்கில் 230 வெள்ளி மிச்சம் இருந்திருக்கிறது. பட்டணத்துக்குப் போகும் வழியில் எண்ணெய் நிலையத்தில் மோட்டாரை நிறுத்தி, பம்ப்பிலேயே அட்டையைச் செருகி, 8 வெள்ளிக்குப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். பிறகு மருந்துக் கடைக்குப் போயிருக்கிறார்கள். பையனுக்கு மூச்சிரைப்பு. உறிஞ்சும் மருந்தும் மாத்திரையும் சேர்த்து 64 வெள்ளி. அட்டையை நீட்டினால் பணம் போதாது என்று பொறி மறுத்துவிட்டது. கைப்பேசியில் பார்த்தால் எடுக்கக் கூடிய தொகை 30 வெள்ளி என்று காட்டுகிறது. மருந்தை மேசை மேலேயே வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். மறுநாள் நேரே என்னிடம் வந்தார்கள். அவர்கள் என்னைச் சந்தேகித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. ஆபீசில் வெட்டப்பட்டுத்தானே நம் மக்களுக்குப் பழக்கம்!

அந்த 200 வெள்ளியை ஒருவரும் எடுத்துவிடவில்லை. அது பூட்டப்பட்டிருந்தது. பம்ப்பில் அட்டையைச் செருகும்போது நாம் 8 வெள்ளிக்கு ஊற்றப் போகிறோமா, 80 வெள்ளிக்கு ஊற்றப் போகிறோமா என்று பொறிக்குத் தெரியாது. ஆகவே அது முன்கூட்டியே வங்கியிடம், "இவர் கணக்கில் 200 வெள்ளியை ஒதுக்கி வை" என்று சொல்லிவிடுகிறது. ஊற்றி முடிந்த பிறகு உண்மையான 8 வெள்ளி கணக்குப் போய்ச் சேர வேண்டும்; மீதி 192 வெள்ளியின் பூட்டைத் திறக்க வேண்டும். சில வங்கிகளில் இது சீக்கிரம் நடக்கிறது. சிலவற்றில் சில நாட்கள் ஆகின்றன. நடுவில் ஞாயிறோ பெருநாளோ வந்தால் இன்னும் இழுக்கும். ஆயிரக் கணக்கில் வங்கியில் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. 230 வெள்ளி வைத்திருப்பவருக்கோ அந்த வாரமே முடங்கிவிடுகிறது.

இதற்குப் பரிகாரம் மிக எளிது. மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போங்கள். "மூன்றாம் நம்பர் பம்ப், 8 வெள்ளி" என்று சொல்லி அதே அட்டையை அங்கே கொடுங்கள். அல்லது ரொக்கமாகக் கொடுங்கள். அங்கே எவ்வளவு சொல்கிறீர்களோ அவ்வளவுதான் போகும், பூட்டு இல்லை. பத்து அடி நடந்தால் 200 வெள்ளி நம் கையிலேயே இருக்கிறது.

இனி மற்றொரு கதை. நம் லயத்துப் பாட்டி ஒருவர் பேரங்காடியில் அரிசி வாங்கியிருக்கிறார். பணம் வாங்கும் பெண், "டெபிட்டா, கிரெடிட்டா?" என்று கேட்டிருக்கிறாள். பாட்டி சற்றும் தயங்காமல், "கிரெடிட்தான் அம்மா, எனக்குக் கடன் எல்லாம் வேண்டாம்" என்றாராம்! அந்தப் பெண் சிரித்துவிட்டாளாம். தோழர்களே, பாட்டி சொன்னதில் சிரிக்க ஒன்றும் இல்லை. நானும் தமிழ்ப் பள்ளியில் படித்து வந்தவன்தான். இந்தச் சொற்கள் நம்மை எப்படிக் குழப்புகின்றன என்பதை நான் அறிவேன்.

நம் வழக்கத்தில் பற்று என்றால் என்ன? கடையில் பற்று வைத்திருக்கிறேன் என்றால், சாமானை எடுத்துக் கொண்டேன், பணம் இன்னும் கொடுக்கவில்லை என்று பொருள். அதாவது கடன். ஆகவே பற்று அட்டை என்ற பெயரைக் கேட்டதும் அது கடன் அட்டை என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். கிரெடிட் என்ற சொல்லோ கைப்பேசி வந்த பிறகு வீட்டுக்கு வீடு புழங்குகிறது. "கைப்பேசியில் கிரெடிட் இல்லை" என்றால் போட்ட காசு தீர்ந்துவிட்டது என்று பொருள். ஆகவே கிரெடிட் என்றால் நம்மிடம் இருக்கும் இருப்பு என்று பாட்டி எண்ணிக் கொண்டார். போதாக்குறைக்கு நம் பத்திரிகைகள் கிரெடிட் கார்டைக் "கடன் பற்று அட்டை" என்று எழுதி இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கிவிடுகின்றன. அட்டையில் இந்தச் சொற்கள் நம் பேச்சுக்கு நேர் எதிர் பொருளில் நிற்கின்றன. டெபிட் என்பது உங்கள் பணம், இப்போதே போகிறது. கிரெடிட் என்பது வங்கியின் பணம், நீங்கள் பிறகு கொடுக்க வேண்டும்.

பாட்டிக்கு ஆறுதலாக ஒன்று சொல்கிறேன். அவர் வாயால் கிரெடிட் என்று சொன்னதால் அவருக்குக் கடன் ஏறிவிடவில்லை. எது போகும் என்பதை அட்டைதான் தீர்மானிக்கிறது. அட்டையின் முகத்தில் பெரும்பாலும் டெபிட் என்று அச்சடித்திருக்கும். அதில் விசா, மாஸ்டர்கார்டு முத்திரை இருந்தாலும் பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்துதான் போகும். பல அட்டைகளில் கூடவே மைடெபிட் என்ற நம் நாட்டு முத்திரையும் இருக்கும். கடையின் பொறி எந்த வழியாக அனுப்பினாலும் உங்களுக்குப் போகும் தொகை ஒன்றே. வித்தியாசம் கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்கும் கழிவில்தான். கடன் அட்டைக்கு அவர் பொதுவாக அதிகம் கொடுக்க வேண்டும். நம் நாட்டு டெபிட் வழிக்குக் குறைவு. சிறு கடைக்காரர் "டெபிட் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்பது அதனால்தான். அவர் கேட்பதில் தவறில்லை.

கடன் அட்டை நம்மில் யாருக்குக் கிடைக்கும்? 2011இல் பேங்க் நெகாரா வகுத்த விதிப்படி ஆண்டுக்கு 24,000 வெள்ளியாவது வருமானம் உள்ளவருக்குத்தான் வங்கி கடன் அட்டை கொடுக்கலாம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. பன்னிரண்டு மாதத்துக்குப் பெருக்கினால் 20,400. ஆகவே அந்தச் சம்பளத்தை மட்டும் பெறும் தொழிலாளிக்குக் கடன் அட்டை கிடையாது. அவர் பையில் இருப்பது டெபிட் அட்டைதான். ஆனால் கிராணிமார், மண்டோர்மார், ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஆகியோர் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம். பேரங்காடி வாசலில் மேசை போட்டு, பரிசுப் பையைக் காட்டிக் கையெழுத்து வாங்குபவர்கள் நம்மைத்தான் தேடி வருகிறார்கள். ஆண்டு வருமானம் 36,000 வெள்ளிக்கு மேற்படாதவர் இரண்டு நிறுவனங்களின் கடன் அட்டைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஒவ்வொன்றிலும் கடன் அளவு இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பதும் அதே விதிதான். அந்த வரம்பைப் போட்டவர்கள் காரணம் இல்லாமல் போடவில்லை.

என் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் 1,000 வெள்ளிக்கு ஒரு குளிர்ப்பெட்டி வாங்கினேன். அட்டை புதிது, ஆசையும் புதிது. மாதம் முடிந்ததும் கணக்குச் சீட்டு வந்தது. மேலே மொத்தம் 1,000 என்று இருந்தது. கீழே தடித்த எழுத்தில் "குறைந்தபட்சம் 50" என்று இருந்தது. 50 வெள்ளி கட்டினால் போதும் என்று எண்ணிக் கொண்டேன். ஒரு மாதமும் தவறவில்லை. பன்னிரண்டு மாதம் 50 வெள்ளி கட்டி, 600 வெள்ளி தீர்ந்தது, இன்னும் 400தான் என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கணக்குச் சீட்டை என் முன் வைத்தாள். பாக்கி ஏறக்குறைய 540 வெள்ளி என்று இருந்தது.

செக்ரோலில் ஒரு காசு பிசகினால் இரவெல்லாம் தூங்காமல் தேடுகிறவன் நான். உங்களில் எத்தனை பேருக்குச் சம்பளச் சீட்டை வாசித்து விளக்கியிருக்கிறேன்! என் சீட்டை நான் வாசிக்கவில்லை. வட்டி ஆண்டுக்கு 18 வீதம். 1,000 வெள்ளிக்கு முதல் மாதத்தில் 15 வெள்ளி. நான் கட்டிய 50இல் 15 வட்டிக்குப் போய்விட்டது, 35தான் முதலைத் தொட்டது. இப்படியே 50, 50 என்று கட்டிக் கொண்டு போனால், அதே வட்டியில் கடன் தீர இரண்டு ஆண்டு. 1,000 வெள்ளிக் குளிர்ப்பெட்டிக்கு ஏறக்குறைய 1,200 வெள்ளி. அந்த ஆண்டு போனஸ் வந்ததும் மிச்சத்தை ஒரே தடவையில் கட்டித் தொலைத்தேன்.

ஓராண்டு முழுவதும் தவறாமல் கட்டுகிறவர்களுக்கு வட்டியை 15 வீதம் வரை குறைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிந்தினால் வட்டிக்கு மேல் தாமதக் கட்டணம் வேறு: பாக்கியில் 1 வீதம், குறைந்தது 10 வெள்ளி, 100 வெள்ளிக்கு மேற்படாது. ஆண்டுக்கு அட்டை ஒன்றுக்கு 25 வெள்ளி சேவை வரியும் உண்டு. கடன் அட்டையைக் கொண்டு ரொக்கம் எடுப்பது இவை எல்லாவற்றிலும் கேடானது. வழக்கமாக நூற்றுக்கு 5 வெள்ளி கட்டணம். வட்டியோ எடுத்த அன்றைக்கே தொடங்கிவிடும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

முன்பு தோட்டத்துச் சீனர் கடையில் 555 புத்தகம் இருந்தது. என் அப்பாயி அதில்தான் குடும்பத்தை நடத்தினார். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு எல்லாம் பென்சிலால் எழுதப்படும். சம்பள நாளில் தீர்ப்போம். அல்லது தீர்ந்த மாதிரி காட்டிவிட்டு மறுநாளே புதிய பக்கம் திறப்போம். அந்தக் கடைக்காரர் சாமான் விலையில் சில காசு ஏற்றித்தான் வைத்திருப்பார், தெரியும். ஆனால் மழை பெய்து ஒரு வாரம் வெட்டு நின்றால் அவர் காத்திருப்பார். மரம் இலையுதிர்க்கும் காலத்தில் பால் குறைந்தால் அது அவருக்கும் தெரியும். அவர் கடையும் அதே மரங்களுக்கு நடுவில்தானே இருந்தது. கடன் அட்டைக்கு மழையும் தெரியாது, இலையுதிர் காலமும் தெரியாது. குறித்த தேதி வந்தால் வந்ததுதான்.

ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் நமக்குச் சில காப்புகளைத் தந்திருக்கிறது. சம்பளத்தை இன்ன கடையில்தான் செலவிட வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக் கூடாது. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேற்படாத முன்பணம் கொடுத்தால் அதற்கு வட்டி பிடிக்கக் கூடாது. தோட்டத்துக் கடையிலும் முன்பணத்திலும் நம் முன்னோர் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தின் அருமை தெரியும். துரை வாங்கக் கூடாது என்று சட்டம் தடுத்த வட்டியை நான் பேரங்காடி வாசலில் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டு ஏற்றுக் கொண்டேன். யாரும் என் கையைப் பிடித்து முறுக்கவில்லை.

அப்படியானால் கடன் அட்டையே கூடாதா என்று கிராணி நண்பர்கள் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் இன்றும் ஒன்று இருக்கிறது. மாதப் பாக்கியை முழுவதும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. சீட்டு வந்த பிறகு கட்டுவதற்கு 20 நாள் தவணையும் உண்டு. முழுவதும் கட்டாமல் ஒரு மாதம் தவறினாலோ அந்தத் தவணை போய்விடும். புதிதாக வாங்கும் சாமானுக்கும் உடனே வட்டி ஓடத் தொடங்கும். இதை மறந்துவிடாதீர்கள்.

இரண்டு இடங்களில் கடன் அட்டை டெபிட்டைவிட நல்லது. ஒன்று, நான் முதலில் சொன்ன பம்ப் போன்ற இடம். ஓட்டல் அறைக்கு முன்பணம் பூட்டுவதும் இதே வகைதான். கடன் அட்டையில் பூட்டினால் வங்கி கொடுத்த கடன் அளவில்தான் பூட்டு விழுகிறது. சம்பளப் பணம் கையிலேயே இருக்கும். மற்றொன்று, கைப்பேசி வழியாக முகம் தெரியாதவரிடம் சாமான் வாங்குவது. சாமான் வராமல் போனாலோ திருடன் அட்டை எண்ணைப் பயன்படுத்தினாலோ, தொல்லையில் நிற்பது வங்கியின் பணம். அதை மறுத்து எழுதிக் கொடுத்துவிட்டு விசாரணைக்குக் காத்திருக்கலாம். டெபிட் அட்டையில் முதலில் போவது உங்கள் பணம். அது திரும்பி வரும் வரைக்கும் அரிசிக்கு என்ன செய்வது? அரிசி, பள்ளிக்கூடச் செலவு, மருந்து, பஸ் கட்டணம் ஆகியவற்றுக்கோ டெபிட்தான். இருப்பதைச் செலவிடுகிறோம், இல்லாவிட்டால் பொறியே நிறுத்திவிடும். அந்த மறுப்பு வெட்கமாக இருக்கும். ஆனால் வட்டி கேட்காது.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கிறார். இரண்டு சொல் சொல்லி முடிக்கிறேன். 2017 முதல் கையெழுத்துக்குப் பதில் ஆறு இலக்க ரகசிய எண் வந்துவிட்டது. அதை அட்டை உறையில் எழுதி வைத்திருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அழித்துவிடுங்கள். அட்டையைத் தொட்டுக் காட்டினால் 250 வெள்ளி வரை அந்த எண்ணைக்கூடக் கேட்பதில்லை. அந்த வசதி வேண்டாம் என்றால் வங்கியில் சொல்லி நிறுத்தலாம், அளவையும் குறைக்கலாம். அட்டை தொலைந்தால் அந்த நேரமே வங்கியை அழைக்க வேண்டும். மோசடியில் பணம் போனால் வங்கியையோ 997 என்ற எண்ணையோ உடனே அழையுங்கள்.

வட்டிக்காரரிடம் சம்பள அட்டையையும் ரகசிய எண்ணையும் அடகாகக் கொடுத்திருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். பெயர் கேட்கவில்லை. என்னிடமோ காரியதரிசியிடமோ தனியாக வாருங்கள். பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிலையம் இருக்கிறது. வங்கிக் கடனிலும் அட்டைக் கடனிலும் சிக்கியவருக்குக் காசு வாங்காமல் வழி சொல்கிறார்கள். மலாயில் எழுதத் தயக்கம் இருந்தால் கடிதம் எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதே மண்டபத்தில் இருப்பேன். அட்டையையும் கணக்குச் சீட்டையும் கொண்டு வாருங்கள். ரகசிய எண்ணை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

அந்தப் பையனின் மருந்து என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் ஓர் அம்மாள் கேட்கிறார். அன்று மாலையே வாங்கிவிட்டோம். 64 வெள்ளியை நான் கொடுத்தேன். நான்காம் நாள் 192 வெள்ளி கணக்கில் திரும்பி வந்தது. மறுநாள் பெரட்டுக்கு வந்தபோது அவர் 64 வெள்ளியை ரொக்கமாக எண்ணி என் மேசை மேல் வைத்து, "இதையும் எழுதிக் கொள்ளுங்கள், கிராணியாரே" என்றார். எழுதிக் கொண்டேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.